பாட்டு எதைப் பற்றியது? - சிறுவருக்குக் கவிதையின் கருத்தும் அமைப்பும்



கலைமகள் விழா வந்தால் எமது மண்டபத்தில் சிறுவர் பாட்டுப் போட்டி நடைபெறுவது யாவரும் அறிந்ததே. பட்டுப் பாவாடையும் வேட்டியும் உடுத்த சின்னஞ்சிறார் மேடையேறி, கைகூப்பி வணங்கி, ஒரு பாட்டை ஒப்புவித்து இறங்குவர். நடுவர்கள் உச்சரிப்பு, குரல், பாவனை, மனனம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இடுவர். நாமும் கைதட்டி மகிழ்வோம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடந்த விழாவில் பரிசு பெற்ற ஒரு பிள்ளையிடம், "நீ பாடினது எதைப் பற்றின பாட்டு, பிள்ளை?" என்று கேட்டோம். "அது தெரியாது மாமா. அம்மா பாடமாக்கச் சொன்னவா" என்று பதில் வந்தது.

பிள்ளையில் பிழை இல்லை. அக்கேள்வியை அதுவரை யாரும் அப்பிள்ளையிடம் கேட்கவில்லை. நாம் சிறுவராய் இருந்த காலத்தில் எம்மிடமும் யாரும் கேட்கவில்லை. எனினும் அன்று பாட்டில் வந்த பொருள்கள் எல்லாம் எம் வீட்டு முற்றத்தில் இருந்தன. பாட்டு புரியாவிட்டாலும் பனையும் பலாவும் புரிந்தன. புலம்பெயர்ந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த முற்றம் இல்லை. ஆகவே பாட்டை விளங்கிக்கொள்ளும் வழியை நாம்தான் காட்ட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் நாம் படித்தது வணிகவியல். செய்யும் தொழில் கணக்கியல். தமிழாசிரியர் என்ற உரிமை எமக்கு இல்லை. ஆயினும் சவூதி அரேபியாவின் ஜுபைல் நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில், சில குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே நாம் விட்ட தவறும், பிள்ளைகள் எமக்குக் கற்பித்த பாடமும் இக்கட்டுரைக்குப் பொருளாகின்றன.

1. ஜுபைலில் ஒரு வெள்ளிக்கிழமை

ஜுபைல், தம்மாமிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், வளைகுடாக் கடலோரத்தில் உள்ள நகரம். ஒரு காலத்தில் மீன்பிடிக்கும் முத்துக்குளிப்புக்கும் பெயர்பெற்ற சிற்றூர். 1975ஆம் ஆண்டில் ஜுபைலுக்கும் யான்புவுக்குமான அரச ஆணையம் அமைக்கப்பட்ட பின்னர், அச்சிற்றூரின் அருகே பெரும் பெட்ரோ ரசாயன ஆலைகள் எழுந்தன. அவ்வாலைகளையும் அவற்றுக்கு ஆள் வழங்கும் ஒப்பந்தக் கம்பனிகளையும் நம்பி வந்தவர்களில் தமிழர்களும் பலர். எமது வகுப்பில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சேலம், நாகர்கோவில் ஆகிய இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட ஒன்பது பிள்ளைகள் இருந்தனர். வயது 7 முதல் 11 வரை. எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுவர், எழுத்துக்கூட்டி வாசிப்பர், பள்ளியில் படிப்பது ஆங்கிலத்தில்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்தோம். 'தங்கத் தாத்தா' என்று ஈழத்துச் சிறுவர் அன்போடு அழைக்கும் புலவர் 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களில் இப்பாட்டை அறியாதவர் அரிது. ஆடி மாதம் முதலாம் நாள், அதாவது ஜூலை 16 அல்லது 17இல், கூழும் கொழுக்கட்டையும் செய்து படைத்து உண்ணும் வழக்கத்தைச் சிறுவர் வாயால் சொல்லும் பாட்டு அது.

நாம் ஆர்வத்தோடு தொடங்கினோம். பனங்கட்டி என்றால் என்ன, பயறு எப்படி வறுப்பது, அகப்பை எதனால் செய்வது என்று அரைமணி நேரம் விளக்கினோம். கரும்பலகையில் பனைமரமும் வரைந்தோம். முடிவில், "இந்தப் பாட்டு எதைப் பற்றியது?" என்று கேட்டோம்.

"கூழ் பற்றியது" என்றது ஒரு குரல்.

"கூழ் ரெசிப்பியா அங்கிள்?" என்றது இன்னொன்று.

மூன்றாவது பிள்ளை, "ஜூலையில எப்படியும் ஸ்கூல் லீவுதானே? நாளைக்கு லீவுன்னு ஏன் இவ்வளவு சந்தோஷப்படுறாங்க?" என்று கேட்டது. வெயில் 45 பாகையைத் தொடும் அந்த மாதத்தில் அங்கே பள்ளிகள் மூடிக்கிடக்கும். ஒரே ஒரு நாள் விடுமுறையின் அருமை அப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அன்றைய பாடம் தோல்வி என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகள் சொன்னதில் தவறில்லை. நாம் பொருள்களை மட்டுமே விளக்கினோம். அவர்கள் பொருள்களை மட்டுமே கண்டார்கள்.

2. பொருள் வேறு, கருத்து வேறு

கணக்கு வேலையில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். பேரேட்டில் ஆயிரம் பதிவுகள் இருக்கும்: வாடகை, சம்பளம், வாங்கிய சரக்கு, விற்ற சரக்கு. அவை ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் இந்த வியாபாரம் பிழைக்குமா, மூழ்குமா என்று கேட்டால் எந்தத் தனிப்பதிவும் பதில் சொல்லாது. எல்லாவற்றையும் முறையாக அடுக்கி, கூட்டிக் கழித்து, ஐந்தொகை தயாரித்த பின்னரே நிலைமை தெரியும். பாட்டில் வரும் கூழும் தேங்காயும் பதிவுகள். அவை எல்லாம் சேர்ந்து சொல்லும் நிலைமையே கருத்து. பதிவுகளை அடுக்கும் முறையே அமைப்பு.

இதனைச் சொல்வதற்கு நாம் புதிய கலைச்சொல் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் அகப்பாடலின் உள்ளடக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய உணவு, மரம், விலங்கு, பறவை, பறை, தொழில் முதலியன. உரிப்பொருள் என்பது அப்பாடலின் உள்ளே நிற்கும் உணர்வு நிலை: கூடியிருத்தல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல் என்பன. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகளாக மாற்றினோம்.

முதலாவது: எங்கே, எப்போது?
இரண்டாவது: என்னென்ன வருகின்றன?
மூன்றாவது: பாடுகிறவருக்கு மனத்தில் என்ன?

முதல் இரண்டுக்கும் பதில் பாட்டின் சொற்களிலேயே கிடைக்கும். ஏழு வயதுப் பிள்ளையும் விரலை வைத்துக் காட்டும். மூன்றாவதற்குப் பதில் எந்த ஒரு சொல்லிலும் இராது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் அமைப்பு உதவிக்கு வருகிறது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இன்றைய பாடநூல்கள் சில மையக்கருத்தையே 'கருப்பொருள்' என்கின்றன. பழைய இலக்கணத்தில் அச்சொல் பாட்டில் வரும் பொருள்களையே குறிக்கும். வீட்டில் சொல்லிக்கொடுக்கும்போது 'கருத்து' என்ற எளிய சொல்லையே வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

3. துண்டுக் கடதாசிப் பாடம்

அடுத்த வெள்ளிக்கிழமை, பாட்டின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கடதாசித் துண்டில் எழுதிக் கொண்டுபோனோம். துண்டுகளைக் கலைத்து, மூன்று குழுக்களுக்குக் கொடுத்து, "ஒழுங்காக அடுக்குங்கள்" என்றோம். வேறு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு அடுக்கினர். சண்டையும் நடந்தது. அந்தச் சண்டைகளே பாடமாயின.

கொழுக்கட்டைக்கு மா பிசைவது முன்பா, அதனுள் சர்க்கரைக் கலவை வைப்பது முன்பா? சமையல் முறையே ஒழுங்கைத் தீர்மானிக்கும் என்று கண்டனர். குத்துவிளக்கேற்றிப் படைப்பது முன்பா, கூழ் குடிப்பது முன்பா? "படைக்காமல் குடிக்கக் கூடாது" என்று ஒரு சிறுமி அதட்டினாள். அதுவும் ஒழுங்கு. பலாவிலையை ஓடிப் பொறுக்கி மடிப்பது எங்கே வரும்? தாய் அகப்பையால் வார்ப்பதற்கு முன்னால் வரவேண்டும். இல்லாவிட்டால் எதில் வாங்கிக் குடிப்பது?

கடைசியில் ஒரு குழுவுக்குச் சிக்கல். "அங்கிள், இந்தத் துண்டு முதலாவதும் இருக்கு, கடைசியிலும் இருக்கு. ரெண்டு தரம் எழுதிட்டீங்க" என்றனர். இல்லை, பாட்டே அப்படித்தான் என்றோம். நண்பர்களைக் கூவியழைத்து நாளைய விடுமுறையைச் சொல்லும் அழைப்பில் தொடங்குகிற பாட்டு, சமைத்து, படைத்து, உண்டு முடித்த பிறகு, மீண்டும் அதே அழைப்புக்கு வந்து நிற்கிறது. "வட்டமா வருது" என்றான் ஒரு பையன். அமைப்பு என்ற சொல்லை நாம் அன்று சொல்லவேயில்லை. ஆனால் அவர்கள் அதனைக் கையால் தொட்டுவிட்டார்கள்.

4. வினைச்சொற்கள் சொன்ன செய்தி

பிறகு ஒரு சிவப்புப் பென்சில் கொடுத்து, "என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் சொற்களுக்கெல்லாம் வட்டம் போடுங்கள். நேற்றா, இன்றா, நாளையா என்று பக்கத்தில் எழுதுங்கள்" என்றோம். வினைமுற்று, காலம் என்ற சொற்கள் தேவைப்படவில்லை.

சிறிது நேரம் கழித்து, யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பத்து வயது மகள் தலை நிமிர்ந்தாள். "அங்கிள், இதில இன்னும் ஒண்டுமே நடக்கேல்லை!"

ஆம். அம்மா செய்வாள், படைப்போம், குடிப்போம் என்று எல்லாமே நாளைதான். அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. பாட்டு முழுவதும் ஆடிப்பிறப்புக்கு முந்திய நாள் பாடப்படுகிறது. அதனால்தான் அது வட்டமாகத் திரும்பி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. மனத்துக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த பின்னரும் பொழுது இன்னும் விடியவில்லை.

சிறுவயது முதல் எமக்கு மனனமாயிருந்த பாட்டு இது. எத்தனையோ மேடைகளில் பாடியும் இருக்கிறோம். இந்த உண்மையை அன்றுதான், ஒரு சிறுமி சொல்லக் கேட்டு அறிந்தோம்.

"அப்படியானால் பாட்டு எதைப் பற்றியது?" என்று திரும்பவும் கேட்டோம். இப்போது கூழ் என்று யாரும் சொல்லவில்லை. "காத்திருக்கிறது", "ஆசையா இருக்கிறது", "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து காத்திருக்கிறது" என்று பதில்கள் வந்தன. அச்சிறுமி மட்டும் யோசித்து, "நாளைக்கு அம்மா கட்டாயம் செய்வா எண்டு அவையளுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷம்" என்றாள்.

இந்தப் பதில் எம்மை வேறொரு ஆடிக்கு இட்டுச் சென்றது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீதிக்கு வந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எமக்கு 12 வயது. அடுத்த ஆடிப்பிறப்பு வன்னியில் ஒரு கொட்டிலில் வந்தது. பனங்கட்டியும் இல்லை, பயறும் இல்லை. ஆயினும் முதல் நாள் மாலை அம்மா, "நாளைக்குக் கூழ் காய்ச்சுவம்" என்றார். நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை வறுத்து, கொஞ்சம் சீனி போட்டுக் கரைத்ததுதான் மறுநாள் கிடைத்தது. பூவரசம் இலையில் ஊற்றிக் குடித்தோம். அதன் சுவை நினைவில் இல்லை. முதல் நாள் இரவு சகோதரர் நாம் நித்திரை கொள்ளாமல் அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு, மறுநாள் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரிந்திருந்த ஓர் இரவு அது.

இக்கதையைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. ஆசிரியரின் கதை பாட்டை மறைத்துவிடக் கூடாது. பெற்றோருக்கு இங்கே சொல்வதன் காரணம், கருத்து என்பது பரீட்சை விடையாக எழுதும் ஒரு வரி மட்டுமல்ல, ஒருவர் வாழ்வில் போய்ப் பொருந்தும் இடமும் அதுவே என்று காட்டுவதற்காகத்தான்.

5. சேலத்துத் தேங்காயும் யாழ்ப்பாணத்துக் கூழும்

கருத்து விளங்கிவிட்டது என்பதை எப்படி அறிவது? பிள்ளை அதே கருத்தை வேறு பொருள்களில் அடையாளம் கண்டால் விளங்கிவிட்டது எனலாம்.

சேலத்துச் சிறுமி கையை உயர்த்தினாள். "எங்க ஊர்லயும் ஆடி ஒண்ணு இருக்கு அங்கிள். ஆனா கூழ் இல்ல. தேங்கா சுடுவோம்."

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் பண்டிகை இன்றும் நடைபெறுகிறது. தேங்காயின் நாரை நீக்கித் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, உள்ளே வெல்லம், பாசிப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல் போன்றவற்றை இட்டு, துளையில் ஒரு குச்சியைச் செருகி, தீயில் வாட்டுவர். சுட்ட தேங்காயைப் பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்து உண்பர். தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் ஆடிக் கூழ் என்றால் அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ். நாம் குரக்கன் என்போமே, அதுதான். பனங்கட்டியிட்ட இனிப்புக் கூழ் யாழ்ப்பாணத்தது.

இவற்றைக் கேட்ட பிள்ளைகள் தாமாகவே மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்தனர். எங்கே, எப்போது: ஊர் வேறு, நாள் ஒன்று. என்னென்ன: முற்றிலும் வேறு. மனத்தில் என்ன? சிறுமி சொன்னாள்: "குச்சிய முன்னாடி நாளே சீவி வச்சிருப்போம். பாட்டி வீட்டுக்குப் போகும்போதே எனக்கு எந்தக் குச்சின்னு சண்ட போடுவோம்." அதுவும் முந்திய நாள்தான். கூழும் தேங்காயும் வேறு. காத்திருக்கும் மகிழ்ச்சி ஒன்று. பாக்கு நீரிணைக்கு இரு புறத்துப் பிள்ளைகளும் அந்தப் பாயில் ஒரே பாட்டின் கீழ் சேர்ந்துகொண்டார்கள்.

இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. அமைப்பு ஒன்றாயிருக்க, கருத்து மாறலாம். ஔவையாரின் ஆத்திசூடி அகர வரிசையில் அடிக்கு ஓர் அறிவுரையாக நடக்கிறது. பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோது அதே அகர வரிசையை எடுத்துக்கொண்டார். ஆனால் ஔவையார் அறத்தில் தொடங்க, பாரதியார் அச்சத்தை விடச் சொல்லித் தொடங்குகிறார். ஒரே பாத்திரம், வேறு உணவு. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் பிள்ளைக்கு, அமைப்பும் கருத்தும் வெவ்வேறு என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

6. ஷட்டவுன் பாட்டு

விடுமுறைக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை, "நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? எட்டு வரியில் எழுதுங்கள். இன்னும் நடக்காததையே எழுத வேண்டும்" என்றோம். சிலர் விமானப் பயணத்தை எழுதினர். நாகர்கோவில் பையன் ஒருவன் எழுதியது இது. ஆலைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஷட்டவுன் என்பது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் காலம். அப்போது பணியாளர்கள் வார விடுமுறையின்றி நீண்ட நேரம் வேலை செய்வர்.

ஷட்டவுன் முடிந்தால் அப்பா வருவார்,
சாவியின் சத்தம் முதலில் கேட்கும்.
சேஃப்டி ஷூ வாசலில் நிற்கும்,
தம்பி அதற்குள் காலை விடுவான்.
ஃபனாதீர் கடற்கரை போவோம் நாங்கள்,
பட்டம் ஒன்று வாங்கித் தருவார்.
மணலில் இருந்து பரோட்டா தின்போம்,
ஷட்டவுன் முடிந்தால் அப்பா வருவார்.

அவன் வாசித்து முடித்ததும் வகுப்பு அமைதியாயிற்று. பிறகு மற்றப் பிள்ளைகளே அதை ஆராய்ந்தனர். அடிக்கு நான்கு சீர் என்று எண்ணிச் சொன்னார்கள். முதல் அடி கடைசியில் திரும்பி வருகிறது என்றார்கள். வாசல், கடற்கரை, மணல் என்று வீட்டின் உள்ளிருந்து வெளியே போகிறது என்றாள் ஒருத்தி. அதை நாமும் கவனித்திருக்கவில்லை.

நாம் ஆசிரியர் தோரணையில் ஒரு திருத்தம் சொன்னோம். "'முடிந்தால்' என்பதைவிட 'முடிந்ததும்' என்று எழுதினால் நல்லது, தம்பி. எப்படியும் முடியும்தானே?"

அவன் தலையை ஆட்டினான். "எப்ப முடியும்னு அப்பாவுக்கே தெரியாது அங்கிள். இந்த வெள்ளிக்கிழமைன்னு ரெண்டு தடவ சொன்னாங்க."

நாம் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தோம். புலவரின் சிறுவருக்கு நாளை உறுதியானது. இந்தச் சிறுவனுக்கு அது உறுதியில்லை. ஒரு விகுதி அந்த வேறுபாட்டைச் சுமக்கிறது. 'முடிந்ததும்' என்று திருத்தியிருந்தால் இலக்கணம் கெட்டிருக்காது. ஆனால் பாட்டின் கருத்து போயிருக்கும். கருத்து அமைப்பின் எந்த மூலையிலும் ஒளிந்திருக்கலாம் என்பதை, கற்பிக்கப் போன நாமே அன்று கற்றுக்கொண்டோம்.

7. வயதுக்கேற்ற பாட்டு

எந்த வயதில் எந்த அமைப்பைக் காட்டலாம் என்பதை எமது அனுபவத்திலிருந்து கூறுகிறோம்.

6, 7 வயதில் அகர வரிசைப் பாடல்கள் ஏற்றவை. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் உயிரெழுத்தில் தொடங்கி வரிசையாகச் செல்வதால், அடுத்த எழுத்து எது என்று பிள்ளை ஊகிக்கும். ஒழுங்கு என்பது நினைவுக்கு உதவும் கருவி என்பது அப்போதே விளங்கும். ஓசையைக் காட்டவும் இதுவே வயது. கடல், கப்பல், கரை என முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. பட்டம், வட்டம், சட்டம் என இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. பெயரைப் பிறகு சொல்லலாம். முதலில் காதால் கண்டுபிடிக்கட்டும்.

8, 9 வயதில் கதையாகவோ நிகழ்ச்சியாகவோ செல்லும் பாடல்கள். சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களும், 1922 முதல் 1989 வரை வாழ்ந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களும், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்களும் இதற்குக் கை கொடுக்கும். துண்டுக் கடதாசிப் பயிற்சி இங்கே சிறப்பாக அமையும்.

10, 11 வயதில் திருக்குறள். இரண்டே அடி, முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. அந்தக் குறைந்த இடத்தில் எது முதலில் சொல்லப்படுகிறது, எது பின்னுக்கு வைக்கப்படுகிறது என்று கேட்கலாம். இரண்டு அடிகளையும் இடம் மாற்றி வாசிக்கச் செய்து, என்ன கெடுகிறது என்றும் கேட்கலாம்.

8. வீட்டில் செய்யத்தக்கவை

ஒரு பாட்டுக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். வாரம் ஒன்றுக்கு இருபது நிமிடம் போதும்.

முதல் வாரம்: பாட்டை நீங்களே இருமுறை உரக்க வாசியுங்கள். பொருள் விளக்க வேண்டாம். எங்கே, எப்போது, என்னென்ன என்ற கேள்விகளை மட்டும் கேளுங்கள். அறியாத சொல் மூன்றுக்கு மேல் இருந்தால் படம் காட்டுங்கள். நீண்ட விரிவுரை வேண்டாம். எமது முதல் வெள்ளிக்கிழமையை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம்: துண்டுக் கடதாசி, சிவப்புப் பென்சில். எது மாற்ற முடியாத ஒழுங்கு? எது திரும்பி வருகிறது? நேற்றா, இன்றா, நாளையா? யார் யாரிடம் பேசுகிறார்?

மூன்றாம் வாரம்: பாடுகிறவருக்கு மனத்தில் என்ன? பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொன்னால், "பாட்டில் எந்த இடம் அப்படிச் சொல்கிறது?" என்று கேளுங்கள். இடத்தைக் காட்ட முடிந்தால், உங்கள் விடையிலிருந்து வேறுபட்டாலும் அது சரியான விடையே. பதிலை ஆங்கிலத்தில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் எண்ணம் வரட்டும்; பின்னர் அதற்குத் தமிழ்ச் சொல்லை நீங்கள் கொடுங்கள். 'நீ சொல்வதைத் தமிழில் ஏக்கம் என்போம்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் பிள்ளையிடம் நிலைத்து நிற்கும்.

ஆடிப்பிறப்புப் பாட்டின் வரிகளை இங்கே நாம் அச்சிடவில்லை. பாட்டி, தாத்தா, பெரியம்மா என்று எவருக்காவது அது மனனமாக இருக்கும். தொலைபேசியில் அழைத்துப் பாடச் சொல்லி, பிள்ளை அதைக் கேட்டு எழுதட்டும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தத்தம் ஊரின் ஆடி முதல் நாள் வழக்கத்தைக் கேட்டு எழுதலாம். அந்தத் தொலைபேசி உரையாடலே பாடத்தின் பாதி.

9. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வருகிற கலைமகள் விழாப் போட்டியில் மொத்தப் புள்ளிகள் 100 எனில், ஒப்புவித்தலுக்கு 70ம் உரையாடலுக்கு 30ம் ஒதுக்கலாம் என்பது எமது தாழ்மையான யோசனை. பாடி முடித்த பிள்ளையிடம் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தப் பாட்டு எதைப் பற்றியது? விடை எம்மொழியிலும் இருக்கலாம். பாட்டின் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினால் முழுப் புள்ளி. இதனால் போட்டி சற்று நீளும். ஆனால் அம்மா சொன்னதற்காகப் பாடமாக்கிய பாட்டு, பிள்ளையின் சொந்தப் பாட்டாக மாறும்.

நாகர்கோவில் பையனின் தந்தை அந்த ஜூலையில், பையனுடைய விமானம் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பட்டமும் வாங்கிக் கொடுத்தாராம். விடுமுறை கழிந்து வந்தபோது அவன் தன் தாளைக் கேட்டு வாங்கினான். திருத்தப் போகிறான் என்று எண்ணினோம். அவன் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அடியில் தன் பெயரை மட்டும் எழுதித் திருப்பித் தந்தான்.